முதல் 100 கி.மீ. சைக்கிள் பயணம்: திரும்பி வரும் வழியிலிருந்து தொடங்குங்கள்

சென்னையில் சாலை சைக்கிள் ஓட்டத் தொடங்குபவர்களில் பெரும்பாலோர் சீக்கிரமே ஒரு கேள்விக்கு வந்துவிடுவார்கள்: "மகாபலிபுரம் போய்ட்டு வரலாமா?" திருவான்மியூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் போய்த் திரும்பினால் நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம்தான் குறையும். ஊருக்குள் ஒரு சுற்று சேர்த்தால் நூறு நிறைந்துவிடும். மேடு கிடையாது, வழி தவறாது, டீக்கடைக்கும் பஞ்சமில்லை.

நான் இதை முதலில் முயன்றது ஒரு டிசம்பர் மாதத்தில். போகும்போது வேகம் 28-க்குக் கீழே இறங்கவே இல்லை. பயிற்சி நன்றாகப் பலித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு இன்னும் அழுத்தி மிதித்தேன். மாமல்லபுரத்தில் திரும்பிய பத்தாவது நிமிடத்தில் வேகம் 16. கோவளம் வருவதற்குள் இரண்டு பாட்டில் தண்ணீரும் தீர்ந்துவிட்டது, தொடை இறுகிவிட்டது. அன்று முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு போனது வாடைக்காற்று. அதே காற்று திரும்பும்போது முகத்தில் நின்றது. அதற்குப் பிறகு யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான்: சைக்கிள், பயிற்சி, சாப்பாடு, வழி எல்லாவற்றையும் திரும்பி வரும் ஐம்பது கிலோமீட்டரை மனதில் வைத்து முடிவு செய்யுங்கள்.

இப்போது 20 கி.மீ. சிரமமில்லாமல் ஓட்டக்கூடியவர் என்றால் இந்த விளக்கம் உங்களுக்குத்தான். எட்டு வாரம் போதும்.

படி 1: இருக்கிற சைக்கிளை உடம்புக்குப் பொருத்துங்கள்

புது ரோடு பைக் வாங்கிய பிறகுதான் தொடங்க வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். ரோடு பைக்குக்கும் மலைச் சைக்கிளுக்கும் இடைப்பட்ட ஹைப்ரிட் சைக்கிளில் நூறு கிலோமீட்டர் தாராளமாகப் போகலாம். பெரிய பட்டன் டயர் போட்ட மலைச் சைக்கிள் மட்டும் கஷ்டம். அதற்கும் வழுவழுப்பான டயர் மாற்றினால் பாதி கஷ்டம் தீர்ந்துவிடும்.

சீட் உயரம்தான் முக்கியம். சுவரோரம் சைக்கிளை நிறுத்தி, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்காருங்கள். ஒரு பெடலை அடியில் கொண்டுபோய் அதன்மேல் குதிகாலை வையுங்கள். கால் மடங்காமல் நேராக நிற்க வேண்டும், இடுப்பு சாயக் கூடாது. ஓட்டும்போது பாதத்தின் முன்பகுதியால் மிதிப்பீர்கள். அப்போது முட்டியில் லேசான மடக்கு தானாக வந்துவிடும். முட்டியின் முன்பக்கம் வலித்தால் சீட் பெரும்பாலும் தாழ்வாக இருக்கும். பின்பக்கம் இழுத்தாலோ இடுப்பு இரண்டு பக்கமும் ஆடினாலோ உயரம் அதிகம். ஒரு தடவைக்கு அரை சென்டிமீட்டருக்கு மேல் மாற்றாதீர்கள். மாற்றியதும் சீட் தண்டில் டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள்.

நம் ஊரில் பலரும் உட்கார்ந்தபடியே இரண்டு காலையும் தரையில் ஊன்றுகிற மாதிரி சீட்டை இறக்கி வைத்துப் பழகியிருக்கிறோம். பத்து கிலோமீட்டருக்கு அது தெரியாது. அறுபதாவது கிலோமீட்டரில் முட்டி சொல்லிவிடும்.

படி 2: வாங்க வேண்டியவை

ஹெல்மெட், பின்னால் மினுக்கும் சிவப்பு விளக்கு, முன்னால் பள்ளம் தெரியுமளவு வெளிச்சமான வெள்ளை விளக்கு. இந்த மூன்றிலும் காசு பார்க்காதீர்கள். அடுத்து, மெத்தை வைத்த சைக்கிள் ஷார்ட்ஸ். அதற்குள் உள்ளாடை போடக் கூடாது. தையல் உரசிப் புண்ணாகும். சட்டை விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை, பளிச்சென்ற நிறமாக இருந்தால் சரி.

பஞ்சர் சாமான்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உங்கள் டயர் அளவுக்கும் வால்வுக்கும் பொருந்துகிற உபரி ட்யூப் இரண்டு, பிளாஸ்டிக் டயர் லீவர் இரண்டு, கைப்பம்பு ஒன்று, ஒட்டுப்போடும் சாமான், அதோடு முள் பிடுங்கும் சின்ன இடுக்கி. இந்தக் கடைசிப் பொருளை யாரும் சொல்ல மாட்டார்கள். நெடுஞ்சாலையோரம் லாரி டயர் வெடித்துச் சிதறிய ரப்பர் துண்டுகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றுக்குள் தலைமுடி கனத்தில் இரும்புக் கம்பிகள் இருக்கும். அந்தக் கம்பிதான் நம் டயரில் ஏறுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. ட்யூபை மட்டும் மாற்றிக் காற்றடித்துக் கிளம்பினால் இரண்டு கிலோமீட்டரில் மறுபடியும் இறங்கிவிடும். அதனால் பழைய ட்யூபைக் கழற்றியதும் அதில் கொஞ்சம் காற்றடித்து ஓட்டை எங்கே என்று பாருங்கள். வால்விலிருந்து ஓட்டை எத்தனை சாண் தள்ளியிருக்கிறதோ, டயரிலும் அதே இடத்தில் தேடுங்கள். டயரின் உள்பக்கம் விரலை மெதுவாக, மிக மெதுவாக ஓட்டிப் பாருங்கள். சுருக்கென்று ஒரு குத்து தெரியும். டயரை அந்த இடத்தில் வளைத்தால் கம்பி முனை எட்டிப் பார்க்கும். இடுக்கியால் பிடுங்கி எறிந்த பிறகுதான் புது ட்யூப்.

வீட்டு மொட்டைமாடியில் இதை மூன்று தடவை செய்து பழகுங்கள். முதல் தடவை அரை மணி நேரம் ஆகும், மூன்றாவது தடவை பத்து நிமிடத்தில் முடித்துவிடுவீர்கள்.

காற்றழுத்தம் டயருக்கு டயர் மாறும். 28 மி.மீ. டயருக்கு 70 முதல் 80 பி.எஸ்.ஐ. வரை பலருக்கும் சரியாக இருக்கும். டயரின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டாதீர்கள். கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துத் திருப்திப்படாமல், அளவுமானி உள்ள தரைப்பம்பு ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: எட்டு வாரப் பயிற்சி

வாரத்துக்கு மூன்று நாள். இரண்டு நாள் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். ஞாயிறு ஒரு நீண்ட ஓட்டம். நீண்ட ஓட்டத்தின் தூரம் வாரவாரியாக 25, 32, 40, 30, 50, 60, 70 என்று ஏறட்டும். எட்டாவது வாரம் அந்த நூறு. நான்காவது வாரத்தில் தூரத்தைக் குறைத்திருப்பது வேண்டுமென்றேதான். உடம்பு தேறுவது ஓய்வில்தான். "நல்லாத்தானே இருக்கேன்" என்று அந்த வாரத்தை விட்டுவிடாதீர்கள். கடைசி வார நாள்களில் அரை மணி நேர லேசான ஓட்டம் இரண்டு போதும்.

எவ்வளவு வேகத்தில் ஓட்டுவது? பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். மூச்சு வாங்கி வார்த்தை அறுந்தால் வேகத்தைக் குறையுங்கள். நீண்ட ஓட்டம் முழுக்க இப்படித்தான். இதய நோயோ நெஞ்சு வலியோ இருந்தவர்கள் தொடங்கும் முன்பே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, கனமான கியரில் அழுத்தி மிதிக்கும் பழக்கம். லேசான கியரில் வேகமாகச் சுற்றுங்கள். வலது முட்டி 15 விநாடியில் எத்தனை தடவை மேலே வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். 20 வந்தால் நிமிடத்துக்கு 80 சுற்று. அது நல்ல கணக்கு. பலருக்கும் முதலில் 14, 15தான் வரும்.

ஐந்தாம் வாரத்திலிருந்து வாரநாள் ஓட்டம் ஒன்றை எதிர்காற்றுக்கென்றே ஒதுக்குங்கள். மாலையில் காற்று வீசும் திசையைப் பார்த்துப் பாதி தூரம் அதற்கு எதிரே. கையை மடக்கி, உடம்பைத் தாழ்த்தி, இரண்டு கியர் இறக்கி, வேகமானியைப் பார்க்காமல் ஓட்டுங்கள். மலை இல்லாத ஊரில் நமக்குக் காற்றுதான் மலை.

படி 4: காற்றைக் கேட்டு வழியைத் திட்டமிடுங்கள்

காற்றின் கணக்கு இது. காற்றே இல்லாதபோது 25 கி.மீ. வேகத்தில் ஓட்டுகிறீர்கள் என்று வையுங்கள். எதிரே 15 கி.மீ. வேகத்தில் காற்று வீசும்போதும் அதே 25-ஐப் பிடிக்க நினைத்தால், உங்கள் உடம்பில் மோதும் காற்றின் வேகம் 40. காற்றைக் கிழிப்பதற்கு மட்டும் ஏறக்குறைய இரண்டரை மடங்கு சக்தி போய்விடும். புதிதாகத் தொடங்கியவர்களால் அதை மூன்று மணி நேரம் கொடுக்க முடியாது. எனவே எதிர்காற்றில் வேகம் குறையட்டும், மூச்சின் அளவு மாறக் கூடாது.

நவம்பரிலிருந்து ஜனவரி வரை வடகிழக்கிலிருந்து வீசும். தெற்கே மாமல்லபுரம் போகும்போது தள்ளும், திரும்பும்போது தடுக்கும். ஏப்ரல், மே மாதங்களில் பெரும்பாலும் தெற்கிலிருந்து வீசும். போவது கஷ்டம், வருவது சுகம், ஆனால் வெயில் இருக்கிறது. என் தேர்வு பிப்ரவரி. மழை ஓய்ந்திருக்கும், விடியலில் குளிர்ச்சி மிச்சமிருக்கும்.

கிளம்பும் முன் செயலியில் காற்று பார்ப்பது நல்லதுதான். அதைவிட நல்லது வழியெல்லாம் நட்டிருக்கும் கட்சிக் கொடிகள். கொடி நீங்கள் போகும் திசையை நோக்கிப் பறந்தால் காற்று தள்ளுகிறது என்று அர்த்தம். கோவளத்தில் நின்று, அரை கிலோமீட்டர் திரும்பி வடக்கே ஓட்டிப் பாருங்கள். திரும்பும்போது என்ன நிலை என்று அந்த இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். கால் அங்கேயே திணறினால் மாமல்லபுரத்தை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நேரக் கணக்கு: காலை 4.30-க்குத் திருவான்மியூர். நீலாங்கரை, அக்கரை, உத்தண்டி தாண்டி முட்டுக்காடு பாலம் வரும்போதே வியர்வை நன்றாக வந்திருக்கும். கோவளத்தில் முதல் நிறுத்தம். திருவிடந்தை, வடநெம்மேலி முதலைப் பண்ணை, சாளுவன்குப்பம் புலிக்குகை, அப்புறம் மாமல்லபுரம். மணி 7.30 ஆகிவிட்டால் எங்கே இருந்தாலும் திரும்புங்கள். ஐந்து கிலோமீட்டர்தான் பாக்கி என்றாலும் சரி. போக ஐந்து, வர ஐந்து, வெயிலில் அது பத்து.

தப்பிக்கும் வழியும் தெரிந்திருக்க வேண்டும். கோவளத்திலிருந்து கேளம்பாக்கத்துக்குச் சாலை பிரிகிறது. நெம்மேலியிலிருந்து திருப்போரூர் போகலாம். இரண்டும் பழைய மாமல்லபுரம் சாலைக்குக் கொண்டுவிடும். சைக்கிள் உடைந்துபோனால் குட்டி யானை பிடித்து ஏற்றி வந்துவிடலாம். அதற்குப் பணம் கையில் இருக்கட்டும். வீட்டில் ஒருவருக்கு உங்கள் இருப்பிடத்தைக் கைபேசியில் பகிர்ந்துவிட்டுக் கிளம்புங்கள்.

சாலையில் இடது ஓரம்தான், ஆனால் விளிம்பை ஒட்டி வேண்டாம். அங்கே கடல் மணல் படிந்திருக்கும், டயர் வழுக்கும். விளிம்பிலிருந்து ஒரு கை நீளம் தள்ளி, நேர்கோட்டில் ஓட்டுங்கள். நிறுத்தியிருக்கும் காரைக் கடக்கும்போது கதவு திறக்கும் என்று நினைத்துக்கொண்டே கடங்கள். எதிர்த் திசையில் ஓரமாக வரும் இருசக்கர வண்டிகளும், வெள்ளைக்கோடு இல்லாத வேகத்தடைகளும் உண்டு. சனி, ஞாயிறு விடியலில் இரவெல்லாம் தூங்காமல் கார் ஓட்டி வருபவர்கள் இந்தச் சாலையில் இருப்பார்கள். காதில் ஒலிக்கருவி போடாதீர்கள். இது ஒன்றுக்காக நான் நண்பர்களோடு சண்டையே போட்டிருக்கிறேன்.

படி 5: சாப்பாடும் தண்ணீரும்

உடம்பில் சேமித்த மாவுச்சத்து ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்குத் தாங்கும். நாம் ஐந்து மணி நேரம் ஓட்டப்போகிறோம். பசி எடுத்த பிறகு சாப்பிட்டால் பிந்திவிட்டோம் என்று பொருள்.

கிளம்ப ஒரு மணி நேரம் முன்பு இரண்டு, மூன்று இட்லி. வழியில் 40 நிமிடத்துக்கு ஒரு தடவை ஒரு வாழைப்பழமோ இரண்டு கடலை மிட்டாயோ. மணிக்கு 500 முதல் 750 மி.லி. தண்ணீர், வாய்வாயாகக் குடியுங்கள். இரண்டு பாட்டிலில் ஒன்று வெறும் தண்ணீர், மற்றதில் ஓ.ஆர்.எஸ். ஒரு பாக்கெட்டுக்கு எத்தனை தண்ணீர் என்று உறையில் போட்டிருக்கும், அந்த அளவு மாறக் கூடாது. இளநீர் நல்லதுதான். ஆனால் வியர்வையில் போகும் உப்பை அது ஈடுகட்டாது. உப்புப் போட்ட நீர்மோர் கிடைத்தால் விடாதீர்கள்.

மாமல்லபுரத்தில் பொங்கல், வடை, பூரி என்று உட்கார்ந்துவிடும் ஆசை வரும். எண்ணெயும் நெய்யும் வயிற்றில் கனத்துக் கிடக்க, அடுத்த பத்து கிலோமீட்டர் ஓடாது. அங்கே இரண்டு இட்லியும் ஒரு டீயும் போதும். பூரியைத் திருவான்மியூர் வந்து சாப்பிடலாம்.

படி 6: வீட்டுக்கு வந்த பிறகு

குளிக்கப் போகும் முன் சைக்கிளைக் கவனியுங்கள். கடற்காற்றின் உப்பு செயினிலும் திருகுகளிலும் ஒட்டியிருக்கும். ஈரத்துணியால் சட்டத்தைத் துடைத்து, செயினைப் பழைய பனியன் துணியில் பிடித்துப் பின்னோக்கிச் சுற்றுங்கள், கறுப்பு வருவது குறையும் வரை. காய்ந்ததும் ஒவ்வொரு கணுவுக்கும் ஒரு சொட்டு செயின் எண்ணெய். ஐந்து நிமிடம் கழித்து மேலே மிஞ்சியதைத் துடைத்து எடுத்துவிடுங்கள். டயரைச் சுற்றிப் பார்த்து, குத்தியிருக்கும் கண்ணாடித் தூளை இடுக்கியால் எடுங்கள்.

அப்புறம் ஒரு நோட்டில் நான்கு வரி எழுதி வையுங்கள்: தேதி, காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது, போக எத்தனை நேரம், வர எத்தனை நேரம். போகவும் வரவும் ஆன நேரத்துக்கு இடையே பதினைந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசமில்லை என்றால், அடுத்து 200 கி.மீ. ப்ரெவேக்கு, அதாவது குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நீண்டதூர ஓட்டத்துக்கு, பெயர் கொடுக்கலாம். அதற்குப் பதின்மூன்றரை மணி நேரம் தருவார்கள்.