ஸ்கூல் டைம்ல பண்ண ரிசர்ச்ச எம்டி-பிஎச்டி அப்ளிகேஷன்ல எங்க, எப்படி போடறது

நம்ம பினாங்கு பிள்ளைங்க சில பேர் ஃபார்ம் 4, ஃபார்ம் 5லயே லேப் பக்கம் போயிருப்பாங்க, அப்புறம் அமெரிக்காவுல டிகிரி பண்ணிட்டு எம்டி-பிஎச்டிக்கு (டாக்டர் படிப்பும் ரிசர்ச் பிஎச்டியும் சேர்ந்த படிப்பு) அப்ளை பண்றப்ப அந்த பழைய ரிசர்ச்ச போடலாமா வேணாமான்னு குழம்புவாங்க. போடலாம் தங்கச்சி, ஆனா இடம் பார்த்து போடணும்.

முதல் வேலை, பாஸ்போர்ட்ட பாருங்க. எம்எஸ்டிபிங்கற எம்டி-பிஎச்டி ட்ரெய்னிங் கிராண்ட், அமெரிக்க அரசாங்கத்தோட மருத்துவ ஆராய்ச்சி அமைப்பு என்ஐஎச் குடுக்கற பணம், சிட்டிசன் இல்லாட்டி கிரீன் கார்டு இருந்தாத்தான் கிடைக்கும். வெளிநாட்டுப் பிள்ளைங்கள சொந்தப் பணத்துல எடுக்கற மெடிக்கல் ஸ்கூல் கொஞ்சம்தான், அதனால ஒவ்வொரு வெப்சைட்டா பார்த்து லிஸ்ட் போட்டுட்டு அப்புறம் எழுத உக்காருங்க. பக்கத்துல சிங்கப்பூர் டியூக்-என்யூஎஸ்லயும் எம்டி-பிஎச்டி இருக்கு, அதையும் பார்த்து வைங்க.

அடுத்து, ஒரு ஞாயித்துக்கெழம பசியாறிட்டு பழைய லேப் நோட்ட எடுங்க. யாரு சூப்பர்வைசர், எப்பலேர்ந்து எப்ப வரைக்கும், என்ன பிரச்சனைய பார்த்தீங்க, உங்க கையால என்ன பண்ணீங்க, இந்த நாலையும் எழுதி வைங்க, ஆம்காஸ்ல (அமெரிக்க மெடிக்கல் ஸ்கூலுக்கு ஆன்லைன்ல போடற பொது அப்ளிகேஷன்) ரிசர்ச் கட்டுரைக்கு கேக்கறதே இதத்தான்.

இப்ப இடம். ஆக்டிவிட்டி லிஸ்ட்ல 15 எடம்தான், ஒவ்வொன்னுக்கும் 700 எழுத்து. ஸ்கூல் ரிசர்ச்ல பேப்பர் வந்திருந்தா, இல்ல அதே வேலைய காலேஜ்லயும் தொடர்ந்திருந்தா ஒரு எடம் குடுங்க, இல்லன்னா வேணாம் லா. சயின்ஸ் ஃபேர் மெடல அம்மா வாட்ஸ்அப் குரூப்ல போடட்டும். 10,000 எழுத்து ரிசர்ச் கட்டுரை முக்கியமா காலேஜ் லேபுக்கு. ஸ்கூல் கதைக்கு சரியான எடம் "ஏன் எம்டி-பிஎச்டி" கட்டுரை, அது மொத்தமே 3,000 எழுத்து, அதுல ரெண்டு மூணு வரி போதும்.

அந்த ரெண்டு வரியிலதான் எல்லாரும் சொதப்பறாங்க. "டெங்கி ஆய்வில் பங்கேற்று அறிவியல் ஆர்வத்தை வளர்த்துக்கொண்டேன்"னு எழுதுனா படிக்கறவங்களுக்கு ஒன்னுமே தெரியாது. இப்படி வச்சுக்குங்க: ஏடிஸ் கொசுப் புழுவ கப்புக்கு 25ன்னு விட்டு, ஏபேட்ங்கற புழுக்கொல்லி மருந்து கலந்து, 24 மணி நேரம் கழிச்சு செத்தத எண்ணுனேன், மருந்தே போடாத கன்ட்ரோல் கப்புலயே 20 சதவீதத்துக்கு மேல செத்துப் போச்சு, அதனால அந்த டெஸ்ட்டையே தூக்கிப் போட்டு திரும்ப பண்ணோம். கன்ட்ரோல் எதுக்குன்னு இந்தப் பிள்ளைக்கு அப்பவே புரிஞ்சிருக்குன்னு தெரியுது பாருங்க. அதுக்கப்புறம் ஒரு வரி, சில புழு மருந்து போட்டும் ஏன் சாக மாட்டேங்குதுங்கற கேள்வி உங்கள எந்த காலேஜ் லேபுக்கு கூட்டிட்டு போச்சுன்னு. புழு எண்ணுனது பிஎச்டிக்குத்தான் பதில், எம்டி ஏன்னு கேட்டா நோயாளிங்க பக்கத்துல நின்னு பார்த்தத தனியா எழுதணும், இத நிறைய பேர் மறந்துடறாங்க.

ஸ்கூல் லேப்ல இருந்த மணி நேரக் கணக்க காலேஜ் கணக்கோட சேர்த்து ஊதிப் பெருசாக்காதீங்க. எழுதுன எதையும் இன்டர்வியூல கேப்பாங்க, அந்த 20 சதவீதம் எதுக்குன்னு கேட்டா முழிக்கக் கூடாது. சிபாரிசு லெட்டருக்கு காலேஜ் லேப் பிஐ, அதாவது லேப் தலைவர்தான் வெயிட்டு.

கடைசியா, அப்ளிகேஷன் ஃபார்ம்ல அவர் பேரு போடறதுக்கு முன்னாடி அந்த ஸ்கூல் டைம் சூப்பர்வைசருக்கு ஒரு ஈமெயில் தட்டி விடுங்க, அவர் உங்கள மறந்தே போயிருப்பாரு, அப்ப பண்ண போஸ்டரையும் கூடவே அனுப்புங்க.