மாயாஜாலப் படத்தைப் பிரித்துப் பார்க்க ஓர் அடகுக் கொப்பி

கொழும்பு செட்டியார் தெருவில் நகை அடகு பிடிக்கும் கடையொன்றில் 27 வருடம் கணக்கு எழுதியவன் நான். சினிமாவைப் பற்றிப் படித்ததெல்லாம் கிடையாது, பார்த்ததுதான். போன மாதம் தங்கையின் மகள் ஓர் ஒப்படையோடு வெள்ளவத்தை வீட்டுக்கு வந்தாள். உயர்தரத்தில் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் படிக்கிறாள். மாயாஜால சாகசப் படம் ஒன்றை எடுத்து அதன் கதைக்கட்டமைப்பை ஆராய வேண்டுமாம். எட்டுப் பக்கம் எழுதி முடித்துவிட்டுத்தான் வந்திருந்தாள். “மாமா, ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ.”

வாசித்தேன். டொரதி வீட்டை விட்டு ஓடினாள், பிறகு சூறாவளி வந்தது, பிறகு வேறு உலகத்தில் போய் விழுந்தாள், பிறகு ஒரு சோளக்கொல்லைப் பொம்மையைச் சந்தித்தாள். எட்டுப் பக்கத்திலும் எத்தனை ‘பிறகு’ என்று எண்ணினேன். 41. பழக்கதோஷம். படம் பார்க்காத ஒருவருக்குக் கதை சொல்ல அது போதும். கதைக்கட்டமைப்பைக் கேட்டால், முன்னால் வைத்த எது பின்னால் வருவதைத் தாங்குகிறது என்று காட்ட வேண்டும். அதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி அடகுக் கொப்பி.

அவள் எடுத்திருந்த படம் 1939இல் வந்த ‘விசார்ட் ஒஃப் ஓஸ்’. ஏன் இந்தப் படம் என்று கேட்டேன். “ஒன்றே முக்கால் மணித்தியாலத்துக்குள்ள முடிஞ்சிடும் மாமா” என்றாள். நல்ல காரணம்தான். முதன்முதலில் பிரித்துப் பார்க்கும்போது மூன்று மணி நேரப் படத்தை, அதிலும் இரண்டு பாகமாக வந்த படத்தை, தொடவே கூடாது.

முதல் தடவை பேனையைத் தொடாமல் பாருங்கள். சிரிப்பு வந்தால் சிரியுங்கள். முடிந்த கையோடு ஒரே ஒரு வசனம் எழுதுங்கள்: யாருக்கு என்ன வேண்டும், அது கிடைக்காமல் தடுப்பது எது. நாங்கள் எழுதியது இது: ‘எங்காவது தூரத்துக்குப் போக ஏங்கியவள், போய்ச் சேர்ந்த நிமிடம் முதல் வீட்டுக்குத் திரும்பவே ஏங்குகிறாள், வழி தெரிந்தவர் ஒருவரும் இல்லை.’ இந்த வசனத்தைப் பத்திரமாக வைத்திருங்கள். கடைசியில் கணக்கு முடிந்ததா இல்லையா என்று பார்க்க இதுதான் உதவும்.

இரண்டாம் தடவைக்குத்தான் கொப்பி. ஐந்து நிரல் போடுங்கள்: நேரம், வைத்த பொருள், வைத்தவர், மீட்ட நேரம், வட்டி.

கடையில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். ஒரு அம்மா சங்கிலியைக் கழற்றி வைக்கிறார், சீட்டை வாங்கிக்கொண்டு போகிறார். சங்கிலி பெட்டகத்துக்குள் போய்விடும். கடையில் வேறு நூறு வேலை நடக்கும். ஆனால் அது அங்கேதான் இருக்கிறது, ஒருநாள் சீட்டோடு ஆள் வரும். படத்திலும் இப்படித்தான். ஒரு பொருளோ, ஒரு பயமோ, ஒரு பகிடியோ, ‘இதை மட்டும் செய்யாதே’ என்ற ஒரு சொல்லோ நம் கண்ணில் காட்டப்பட்டு உள்ளே போகும். பின்னால் எங்கோ வெளியே வரும். வரும்போது வைத்த பெறுமதியோடு மட்டும் வந்தால் அது வெறும் ஞாபகமூட்டல். கூடக் கொண்டு வந்ததைத்தான் வட்டி என்ற நிரலில் எழுத வேண்டும்.

டொரதி வாழும் கன்சாஸ் பண்ணையில் மூன்று வேலையாட்கள். ஒருவன் டொரதியிடம் மூளையைப் பாவிக்கச் சொல்கிறான், உன் தலை ஒன்றும் வைக்கோல் இல்லையே என்கிறான். இன்னொருவன் தனக்கு ஒருநாள் சிலை வைப்பார்கள் என்று சிலைபோலவே நின்று காட்டுகிறான். மூன்றாமவன் தைரியம் வேண்டும் என்று புத்தி சொல்லிவிட்டு, அவள் பன்றிப் பட்டிக்குள் விழுந்ததும் தூக்கியெடுத்துவிட்டு, தானே பயத்தில் நடுங்குகிறான். முதல் தடவை பார்க்கும்போது இவை கிராமத்துக் கிண்டல். பின்னால் அதே மூன்று நடிகர்கள் வைக்கோல் மனிதனாகவும் தகர மனிதனாகவும் கோழைச் சிங்கமாகவும் வருகிறார்கள். டொரதியின் நாயைப் பறிக்க வரும் மிஸ் கல்ச்சும் பச்சை முகச் சூனியக்காரியும் ஒரே நடிகைதான். நடிகர்களை மிச்சப்படுத்தச் செய்த வேலை என்று மருமகள் நினைத்திருந்தாள். கொப்பியில் எழுதியதும் தெரிந்தது: ஓஸ் உலகத்தில் அவள் சந்திக்கும் முக்கியமானவர்களில் பலர் புதியவர்கள் இல்லை, வீட்டு வாசலில் இருந்தவர்களே வேறு உருவில் திரும்புகிறார்கள். வீடு திரும்பும் கதைக்கு இதைவிடக் கெட்டியான அத்திவாரம் இல்லை.

கண்ணாடிக் கோளத்தையும் பாருங்கள். ஊர் சுற்றும் வித்தைக்காரன் கோளத்தில் பார்ப்பதுபோல் பாவனை செய்து, சித்தி மனமுடைந்துபோயிருக்கிறார் என்று சொல்லி அவளை வீட்டுக்குத் திருப்பி அனுப்புகிறான். அது பொய்க் கோளம். கோட்டைக்குள் சூனியக்காரியின் கோளத்தில் அதே சித்தி உண்மையாகவே தெரிகிறார், தேடிக் கூப்பிடுகிறார், அடுத்த கணம் அந்த முகம் சூனியக்காரியின் முகமாகிவிடுகிறது. வட்டி நிரலில் மருமகள் எழுதியது: ‘முதலில் ஏமாற்று, இப்போது கொடுமை.’ நான் திருத்தவில்லை.

இடையில் ஒன்று. எங்கள் வீடு ரயில் பாதைக்குக் கிட்ட. கரையோர ரயில் போகும்போது வசனம் ஒன்றும் கேட்காது. ஆரம்பத்தில் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம், அப்புறம் விட்டுவிட்டோம். சத்தம் இல்லாத அந்த அரை நிமிடத்தில் கமரா எதைக் காட்டுகிறது என்பது மட்டும் கண்ணில் படும். டொரதியின் கால்களை எத்தனை தடவை காட்டுகிறார்கள் என்பதை அப்படித்தான் கவனித்தோம். ரயில் இல்லாத ஊரில் இருப்பவர்கள் சத்தத்தைக் குறைத்துப் பாருங்கள்.

அந்தக் கால்களில் இருப்பது சிவப்புக்கல் செருப்பு. மூலக் கதை 1900இல் வந்த புத்தகம், அதில் செருப்பு வெள்ளி. வண்ணப் படத்துக்காகச் சிவப்பாக்கினார்கள். இந்தச் செருப்புக்குக் கொப்பியில் ஒரு வரி போதாது, தனிப் பக்கம் வேண்டும். அந்தப் பக்கத்துக்கு ‘மாயச் சட்டம்’ என்று தலைப்பு வையுங்கள். குடும்பப் படத்தில் நாட்டுச் சட்டம் நமக்கே தெரியும். மாயாஜாலப் படத்தில் சட்டத்தை எழுதுபவரே படம் எடுப்பவர்தான், ஆகவே அவர் முன்கூட்டிச் சொல்லியாக வேண்டும். சொன்ன இடம், சோதித்துக் காட்டிய இடம், அதை வைத்துக் கதையை முடித்த இடம் என்று மூன்றையும் தேடுங்கள்.

செருப்பைக் கழற்றவே கூடாது, அதன் சக்தி பெரியதாகத்தான் இருக்கும் என்று நல்ல சூனியக்காரி கிளிண்டா சொல்கிறாள். சொன்ன இடம் அது. கோட்டையில் கெட்டவள் கையை நீட்டுகிறாள், பொறி பறக்கிறது. சோதித்த இடம். உயிரோடு இருக்கும்வரை செருப்பு கழலாது என்பது அவளுக்கு ஞாபகம் வருகிறது. அப்படியானால் டொரதி சாக வேண்டும். உடனே மணற்கடிகாரம் கவிழ்கிறது. கவனித்தீர்களா, ஆபத்து வெளியிலிருந்து வரவில்லை, சட்டத்துக்குள்ளிருந்தே வந்தது. நல்ல மாயாஜாலக் கதைக்கு அடையாளம் என்று நான் வைத்திருப்பது இதைத்தான். வில்லனின் கோபத்தை நம்பி ஓடும் படங்களில் நடுப்பகுதி தொய்ந்துவிடும்.

முடித்த இடத்தில்தான் எனக்குச் சண்டை. செருப்பே அவளை எப்போதோ வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கும் என்று கிளிண்டா கடைசியில் சொல்கிறாள். முதலே ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், சொன்னாலும் நம்பியிருக்க மாட்டாள் என்று ஒரு பதில். வட்டி வீதத்தை மறைத்துவிட்டுக் கையெழுத்து வாங்கியதுபோல இருக்கிறது. என்றாலும் படம் தப்பிவிடுகிறது, ஏனென்றால் அடகு வைத்த பொருள் முழு நேரமும் நம் கண்முன்னே நடந்துகொண்டிருந்தது. உங்கள் ஒப்படையில் இப்படி ஓட்டையைக் கண்டால் மறைக்காதீர்கள், எழுதுங்கள்.

இன்னொரு ஓட்டை தண்ணீர். வைக்கோல் மனிதன் ஆரம்பத்திலேயே தனக்கு நெருப்புக்குத்தான் பயம் என்கிறான். சூனியக்காரி கூரையிலிருந்து நெருப்பை எறிகிறாள். கோட்டையில் அவன் கையில் தீ வைக்கிறாள், டொரதி வாளித் தண்ணீரை எடுத்து வீசுகிறாள், தண்ணீர் பட்டுச் சூனியக்காரி உருகிப்போகிறாள். நெருப்பு ஒழுங்காக வைத்து மீட்கப்பட்டது. தண்ணீர் அவளைக் கொல்லும் என்று எந்த இடத்திலும் எவரும் வைக்கவில்லை. மருமகள் இதைப் பிழை என்றாள். நான் பாதிப் பிழை என்றேன்: தோழனைக் காப்பாற்ற நினைத்த கைதான் கொன்றது, கொல்ல நினைத்த கை அல்ல. அதனால் மன்னிக்கலாம்.

அடுத்தது பகுதி பிரிப்பது. எல்லோரும் மூன்று அங்கம் என்று எழுதுகிறார்கள். சரி, எழுதலாம். எனக்குப் பிடித்தது சிலப்பதிகார உரையில் அடியார்க்கு நல்லார் சொல்லும் ஐந்து: முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல். உழுத நிலத்தில் விதை முளைப்பதிலிருந்து, விளைந்ததை அறுத்து வீட்டுக்குக் கொண்டுபோய்த் துய்ப்பதுவரை. கன்சாஸ் முகம். மஞ்சள் கல் பாதையில் தோழர் சேர்வது பிரதிமுகம். வீட்டுக்கு அனுப்புவார் என்று டொரதி நம்பிப்போன மந்திரவாதி, மரகத நகரத்தில் சூனியக்காரியின் துடைப்பத்தைக் கொண்டுவா என்று கேட்பது கருப்பம், கோட்டை விளைவு. இந்தப் பிரிப்பின் இலாபம் கடைசிப் பகுதியில் தெரியும். வில்லி செத்ததும் படம் முடிந்தது என்று மாணவர்கள் பேனையை மூடிவிடுகிறார்கள். திரைக்குப் பின்னால் இருந்த மந்திரவாதி சாதாரண ஆள் என்று பிடிபடுவது, பரிசுகள், பலூன் அவளை விட்டுப் பறப்பது எல்லாம் அதற்குப் பிறகுதான். முதலில் எழுதிய ஒற்றை வசனத்தைப் பாருங்கள். கடன் வீட்டுக்குத் திரும்புவது. சூனியக்காரியைக் கொல்வதாக யாரும் கடன் வாங்கவில்லை.

ஒரு உலகத்திலிருந்து மறு உலகத்துக்குக் கதவு திறக்கும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்தப் படத்தில் ஏறத்தாழ 20ஆவது நிமிடம், பழுப்பு நிறம் மாறி வண்ணம் வரும் இடம். ஐந்தில் ஒரு பங்கு கதவுக்கு முன்னாலேயே போய்விடுகிறது. கொப்பியைப் பார்த்தால் பெரும்பாலான அடகும் அந்த 20 நிமிடத்துக்குள் இருக்கும்.

நம் படங்களுக்கு இடைவேளை உண்டு. கொழும்புத் தியேட்டர்களில் ஆங்கிலப் படத்துக்கும் நடுவில் நிறுத்துவார்கள், அதை வைத்துக் கதையின் நடுவை எடுத்துவிடாதீர்கள். ரோல்ஸ் விற்பதற்கான நேரம் அது. உண்மையான நடு எப்படி இருக்கும் என்று பார்க்க 1951இல் வந்த ‘பாதாள பைரவி’யை எடுங்கள். இளவரசியை விரும்பும் தோட்டக்காரன் மகன் அரசனுக்கு நிகரான செல்வம் சேர்க்க வேண்டும். தைரியசாலியான ஓர் இளைஞனைப் பலி கொடுத்தால் வரம் தரும் பதுமை கிடைக்கும் என்று ஒரு மாந்திரீகன் இவனைக் கூட்டிப்போகிறான். இவன் மாந்திரீகனையே பலி கொடுத்துவிட்டுப் பதுமையை எடுத்துக்கொள்கிறான். மாளிகை, கல்யாண ஏற்பாடு. கதை முடிந்ததா? சீடன் மாந்திரீகனை உயிர்ப்பிக்கிறான், பதுமையும் மாளிகையும் இளவரசியும் ஒன்றாகப் பறிபோகின்றன. உழைக்காமல் கிடைத்தது உழைத்து மீட்க வேண்டியதாக மாறுகிறது. கதாநாயகனின் கேள்வியே மாறும் இடம்தான் நடு.

கடைசியாக ஒரு சோதனை. ஒரு பாத்திரத்தைக் கையால் மறைத்துவிட்டுக் கொப்பியைப் பாருங்கள். நாங்கள் டோட்டோ என்ற நாயை மறைத்தோம். நாய் கடித்திராவிட்டால் அவள் வீட்டை விட்டு ஓடியிருக்க மாட்டாள். கோட்டையிலிருந்து தப்பித் தோழர்களைக் கூட்டிவந்தது நாய். திரையை இழுத்து மந்திரவாதியைக் காட்டிக்கொடுத்தது நாய். பூனையைத் துரத்தப் பாய்ந்து பலூனைத் தவறவிட்டதும் அதுதான். “அப்ப நாய்தானே மாமா கதையைக் கொண்டுபோகுது?” ஓம், இதைத்தான் முதல் பந்தியில் எழுது என்றேன். எழுதும் வேலை இனிச் சுருக்கம்: முதல் வசனத்தில் உங்கள் வாதம், பிறகு அதைத் தாங்கும் மூன்று நான்கு அடகு வரிகள் நேரத்தோடு, கடைசியில் ஓட்டைகள். கதைச் சுருக்கம் ஐந்து வரிக்கு மேல் வேண்டாம்.

புதிய ஒப்படை நான்கு பக்கம் வந்தது. ‘பிறகு’ ஆறு. நான் திருப்பிக் கொடுத்தபோது அவள் கொப்பியின் முதல் பக்கத்தைத் திறந்து ஒரு வரியில் விரலை வைத்தாள். நாயைக் கொல்லக் கொண்டுபோக மிஸ் கல்ச் அதிகாரியின் கட்டளைக் கடிதத்தோடு வந்தாளே, நாய் கூடையிலிருந்து குதித்துத் தப்பியது. கடைசியில் டொரதி கட்டிலில் கண் விழிக்கிறாள், நாயும் பக்கத்தில். மிஸ் கல்ச்சைப் பற்றி எவரும் ஒரு சொல் பேசவில்லை. அந்தக் கடிதம் என்னானது?

இந்தப் படத்தை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லை. மீட்க ஆள் வராமல் மூழ்கிப்போன நகை என்று எழுதலாமா என்று கேட்டாள். பொறு, இன்னொருக்காப் பார்ப்போம் என்றேன். பார்த்தாயிற்று. அந்த வரிக்கு நேரே மீட்ட நேரம் என்ற நிரல் இன்னும் வெறுமையாகத்தான் கிடக்கிறது.