பழைய கியர் சைக்கிள் வாங்கப் போகிறீர்களா? பணத்தை எடுக்கும் முன் ஸ்கேலை எடுங்கள்

வேலூர், காட்பாடி பக்கம் பழைய கியர் சைக்கிள் மலிவாகக் கைமாறுவது ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை. படிப்பு முடிந்து ஊருக்குக் கிளம்பும் பிள்ளைகள் மூட்டை கட்ட முடியாததையெல்லாம் வந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். அப்போது தவறாமல் காதில் விழும் வாசகம்: “அதிகமா ஓட்டவே இல்லண்ணா, அப்படியே நிறுத்தி வெச்சிருந்தேன்.”

இதைக் கேட்டு மயங்குவதுதான் புதிதாக வாங்குபவர் செய்யும் முதல் தவறு. ஒழுங்காக ஓடிய சைக்கிள் அவ்வப்போது எண்ணெயாவது பார்த்திருக்கும். மூன்று வேலூர் கோடையை வெயிலில் நின்றே கழித்த சைக்கிளில் டயரின் பக்கச்சுவர் பாளம் பாளமாக வெடித்திருக்கும். உள்ளே கிரீஸ் காய்ந்து மெழுகாகியிருக்கும். கியர் கேபிள் உறைக்குள் துரு ஏறியிருக்கும். பெயிண்ட் மட்டும் பளபளவென்றிருக்கும்.

பார்க்கப் போகும்போது 12 அங்குல எஃகு ஸ்கேல், 5 மி.மீ., 6 மி.மீ. ஆலன் கீ (ஆறுமுனைச் சாவி), ஒரு பழைய துணி ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். காலை வெளிச்சத்தில் போங்கள். மாலை ஏழு மணிக்கு மேல் டியூப்லைட் வெளிச்சத்தில் எந்தச் சைக்கிளும் நல்ல சைக்கிள்தான்.

அளவு: எந்த மெக்கானிக்காலும் சரிசெய்ய முடியாதது

“26 சைஸ்”, “29 சைஸ்” என்று விளம்பரத்தில் போடுவது சக்கரத்தின் அளவு. உங்களுக்கு வேண்டியது ஃபிரேமின் அளவு. அதற்கு உங்கள் மொத்த உயரத்தை விடக் கால் நீளமே முக்கியம். செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரில் முதுகைச் சாய்த்து நில்லுங்கள். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவே, சீட்டில் உட்காரும்போது அழுந்துவது போல மேலே அழுத்திப் பிடியுங்கள். புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரை வரை சென்டிமீட்டரில் அளந்து 0.225ஆல் பெருக்கினால், மவுண்டன் சைக்கிளுக்கு ஏற்ற ஃபிரேம் அளவு ஏறக்குறைய அங்குலத்தில் வரும். கால் நீளம் 76 செ.மீ. என்றால் 17 அங்குல ஃபிரேம். இந்த எண் பெரும்பாலும் சீட்டுக்குக் கீழே இறங்கும் குழாயில் ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும்.

ஸ்டிக்கர் இல்லாவிட்டால் மேல் குழாயின் இருபுறமும் காலை ஊன்றி நின்று பாருங்கள். குழாய்க்கும் உங்களுக்கும் நடுவே 5 செ.மீ.யாவது இடைவெளி வேண்டும். “சீட்டை ஏத்தி இறக்கிக்கலாம்” என்பார்கள். சீட் ஏறும், இறங்கும், உண்மைதான். ஆனால் சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் உள்ள தூரம் பெரும்பாலும் ஃபிரேமோடு பிறந்தது. அது அதிகமானால் பத்துக் கிலோமீட்டருக்குள் கழுத்தும் உள்ளங்கையும் வலிக்கும். வாங்கிய சைக்கிள் மறுபடி மாடிப்படிக்கு அடியில் போய்விடும்.

கையோடு சீட் போஸ்டை (சீட்டைத் தாங்கும் குழாய்) தளர்த்தி மேலும் கீழும் அசைத்துவிடுங்கள். பல வருடம் அசையாத போஸ்ட் ஃபிரேமோடு ஒட்டிப் போயிருக்கும், ஒன்று அலுமினியமாகவும் மற்றது இரும்பாகவும் இருந்தால் இன்னும் மோசம். அசையாவிட்டால் அந்தச் சைக்கிளை விட்டுவிடுங்கள்.

ஃபிரேமில் மூன்று இடம்

துணியால் அழுக்கைத் துடைத்துவிட்டு முதலில் பார்க்க வேண்டிய இடம், ஹேண்டில்பாருக்குக் கீழே உள்ள தலைக் குழாயோடு கீழ்க் குழாய் சேரும் மூட்டின் அடிப்பகுதி. முன்பக்கம் பலமாக மோதிய சைக்கிளில் அங்கே பெயிண்டில் மெல்லிய சுருக்கம் தெரியும். பால் ஆடையை விரலால் தள்ளினால் சுருங்குமே, அதே மாதிரி. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கட்டை விரலால் தடவினால் மேடு தட்டுப்படும். இரண்டாவது, பெடல் அச்சு நுழையும் கூட்டைச் சுற்றியுள்ள வெல்டிங். மூன்றாவது, சீட் போஸ்ட் நுழையும் வாய்.

அலுமினிய ஃபிரேமில் முடி போன்ற விரிசல் இருந்தாலும் பேரம் பேச வேண்டாம், கிளம்பிவிடுங்கள். தெருமுனை வெல்டிங் பட்டறையில் ஒட்டித் தருவார்கள். ஆனால் வெல்டிங் சூட்டில் சுற்றியுள்ள அலுமினியம் பலம் இழந்துவிடும், ஒட்டுக்குப் பக்கத்திலேயே மறுபடி விடும். இந்த மூன்று இடங்களில் புது ஸ்டிக்கர் ஏதாவது ஒட்டியிருந்தால் கொஞ்சம் சந்தேகப்படுவதில் தப்பில்லை. கார்பன் ஃபிரேம் மலிவாக வந்தால் இன்னும் உஷார். அதில் அடிபட்டது வெளியே தெரியாமலே உள்ளே விட்டிருக்கும். முதல் சைக்கிளாக அது வேண்டாம்.

செயின்: ஸ்கேல் சொல்லும் உண்மை

செயின் கண்ணிகளைக் கோக்கும் குட்டி ஆணிதான் பின். ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் நடுவே அரை அங்குலம். அப்படியானால் 24 இடைவெளிக்குச் சரியாக 12 அங்குலம். பெடலைக் கையால் அழுத்திச் செயினின் மேல் பகுதியை விறைப்பாக்குங்கள். ஸ்கேலின் பூஜ்ஜியக் கோட்டை ஒரு பின்னின் நடு மையத்தில் வையுங்கள். புதுச் செயினில் 12 அங்குலக் கோடு இன்னொரு பின்னின் நடு மையத்தில் அப்படியே உட்காரும். தேய்ந்த செயினில் அந்தப் பின் கோட்டைத் தாண்டி வெளியே நிற்கும். ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, அதாவது ஒன்றரை மி.மீ. அளவு தாண்டியிருந்தால் செயினை மாற்ற வேண்டும். எட்டில் ஒரு பங்கு, அதாவது 3 மி.மீ. தாண்டியிருந்தால் செயினோடு பின் பல்சக்கரத் தொகுதியும் போயிற்று என்று கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். முன் பல்சக்கரமும் கூடவே போயிருக்கலாம்.

“புதுச் செயின் ஒண்ணு போட்டா சரியாயிடும்” என்பது விற்பவரின் பேச்சு. இழுபட்ட செயின் தன் இழுப்புக்கு ஏற்றபடி பற்களையும் தேய்த்து வைத்திருக்கும். அந்தப் பற்களில் புதுச் செயின் உட்காராது. சமதரையில் ஒன்றும் தெரியாது. மேட்டில் எழுந்து நின்று மிதிக்கும்போது படக்கென்று தாவும், நீங்கள் மேல் குழாயில் விழுவீர்கள். பின் பற்களைப் பக்கவாட்டில் பாருங்கள். சுறா மீன் துடுப்பு போல ஒரு பக்கமாகச் சாய்ந்து கூர்ந்திருந்தால் அது முடிந்த கதை.

சைக்கிளுக்குப் பின்னால் உட்கார்ந்து, பின் டீரெய்லரின் (செயினைத் தள்ளிக் கியர் மாற்றும் கருவி) இரண்டு குட்டிச் சக்கரங்களையும் பாருங்கள். அவை பல்சக்கரத்துக்கு நேர்கீழே ஒரே கோட்டில் நிற்க வேண்டும். உள்பக்கமாகச் சாய்ந்திருந்தால் வண்டி வலப்பக்கம் விழுந்து, டீரெய்லரை ஃபிரேமில் தாங்கும் ஹேங்கர் வளைந்திருக்கிறது. அதை நிமிர்த்தாமல் மேட்டில் பெரிய பல்லுக்கு மாற்றினால் டீரெய்லர் சக்கரக் கம்பிக்குள் போய் மாட்டும். கழற்றி மாற்றும் வகை ஹேங்கர் மாடலுக்கு மாடல் வேறு. கடையில் அந்த மாடலுக்குக் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு விலை பேசுங்கள்.

ஏலகிரி ஆசை இருந்தால்

இந்தப் பக்கம் கியர் சைக்கிள் வாங்குபவர்களில் பாதிப் பேருக்கு ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவும் மனதில் இருக்கும். அதற்கு “21 கியர்” என்ற எண் எதுவும் சொல்லாது. முன்னால் 3, பின்னால் 7, பெருக்கினால் 21, அவ்வளவுதான். முன்பக்கத்தின் மிகச் சின்னச் சக்கரத்தில் எத்தனை பல், பின்பக்கத்தின் மிகப் பெரிய சக்கரத்தில் எத்தனை பல் என்று எண்ணுங்கள். முன் எண் பின் எண்ணைவிடக் கூடாமல் இருந்தால் புதியவரும் ஏறிப் பார்க்கலாம். முன்னால் 28, பின்னால் 28 சரி. முன்னால் ஒற்றைச் சக்கரத்தில் 42, பின்னால் 28 என்றால் மூன்றாவது வளைவில் தள்ளிக்கொண்டு போக வேண்டியதுதான்.

4 அங்குல அகல டயர் போட்ட தடியன் சைக்கிள் பார்க்கக் கம்பீரம். மேட்டில் எடை, தார் ரோட்டில் இழுவை, பஞ்சரானால் டியூபுக்கு அலைச்சல். மலிவு ஷாக் போட்ட ஃபோர்க்கும் (முன் சக்கரத்தைப் பிடிக்கும் கவை) அப்படித்தான். முன் பிரேக்கைப் பிடித்து ஹேண்டில்பாரை அழுத்தினால் இறங்கி உடனே எழ வேண்டும். பெரும்பாலும் துருப்பிடித்து இறுகி, வெறும் பாரமாகத்தான் நிற்கும். ஷாக் இல்லாத ஃபோர்க் கிடைத்தால் அதுவே மேல்.

ஏறுவதைவிட இறங்குவதற்குத்தான் பிரேக். டிஸ்க் என்றால் தட்டின் ஓரத்தில் தேய்மானத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். ஷிமானோ தட்டுகளில் 1.5 மி.மீ.க்குக் கீழே மெலிந்தால் மாற்ற வேண்டும். கட்டை பிரேக் என்றால் ரிம்மின் பக்கவாட்டு சமமாக இருக்க வேண்டும். ஸ்கேலை வைத்தால் நடுவில் குழி தெரிந்தால் ரிம் மெலிந்துவிட்டது, காற்றழுத்தத்தில் பிளக்கும். சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். ஒன்றிரண்டு மி.மீ. ஆடினால் கம்பியை முறுக்கிக் கோட்டம் எடுத்துவிடலாம். அதற்கு மேல் துள்ளினாலோ, ஓரிடத்தில் மட்டும் குதித்தாலோ குழியில் விழுந்து ரிம் நசுங்கியிருக்கிறது.

பிறகு அச்சுகள். பெடலைத் தாங்கும் இரண்டு கிராங்கையும் பிடித்து ஃபிரேமை நோக்கித் தள்ளி இழுங்கள். டக் டக் என்று ஆட்டம் இருந்தால் பி.பி., அதாவது பெடல் அச்சின் பேரிங், போயிருக்கிறது. முன் பிரேக்கை அழுத்தி வண்டியை முன்னும் பின்னும் அசைக்கும்போது தலைக் குழாயில் விரலை வையுங்கள். அங்கே ஆட்டம் தெரிந்தால் தலைக் குழாய் பேரிங்கை இறுக்கும் கோன் தளர்ந்திருக்கிறது, அது சின்ன வேலை. ஹேண்டில்பாரைத் திருப்பும்போது நேர்நிலையில் மட்டும் கடக்கென்று பிடித்தால் பேரிங் குண்டுகள் (பால்ஸ்) ஓடும் தடமே குழிந்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும்.

ஓட்டிப் பார்க்கக் கோட்டையைச் சுற்றி வந்தால் போதாது, அது சமதரை. விடியற்காலையில் காட்பாடி ரயில்வே மேம்பாலம் மாதிரி ஏதாவது ஒரு மேட்டில், போக்குவரத்து இல்லாதபோது, நடுக் கியர்களில் ஒவ்வொன்றாக அழுத்தி மிதியுங்கள். பற்கள் தாவுகின்றனவா என்பது அங்கேதான் தெரியும்.

வால்வையும் பார்த்துவிடுங்கள். மெலிந்த பிரெஸ்டா வால்வு என்றால் பெட்ரோல் பங்கில் காற்று பிடிக்க முடியாது, அடாப்டர் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும்.

பில்லும் பேரமும்

பெடல் அச்சுக் கூட்டின் அடியில் பெரும்பாலும் ஃபிரேம் எண் பொறித்திருக்கும். வண்டியைத் தலைகீழாகப் புரட்டிப் படம் எடுங்கள். பில்லில் எண் இருந்தால் ஒப்பிடுங்கள். பில் இல்லை என்றால் விற்பவரின் அடையாள அட்டை நகலோடு, ஃபிரேம் எண்ணும் தேதியும் தொகையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எண்ணை ராவி அழித்திருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். திருட்டுப் பொருள் என்று நம்பக் காரணம் இருந்தும் வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 317ஆம் பிரிவு வாங்கியவர் மீதும் பாயும்.

விலை பேசுவதற்கு முன்பே செயின், பின் பல்சக்கரத் தொகுதி, இரண்டு டயர், டியூப், கேபிள், பிரேக் கட்டை, முழு ஓவராயில் (எல்லாம் கழற்றித் துடைத்துக் கிரீஸ் வைத்துப் பூட்டுவது) கூலி எல்லாவற்றையும் உங்கள் சைக்கிள் கடையில் கேட்டுத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். தேவைப்படுவதைக் கேட்ட விலையோடு கூட்டுங்கள். கூட்டுத்தொகை அதே தரத்துப் புதுச் சைக்கிள் விலையில் பாதிக்கு மேல் போனால் புதிதே வாங்கலாம் என்பது எங்கள் கணக்கு. தாளை விற்பவரிடமே காட்டுங்கள். வாய்ப் பேரத்தைவிட அது நன்றாக வேலை செய்யும்.

கூடவே ஹெல்மெட்டும் தருகிறேன் என்பார்கள். வாங்கிப் பூச்செடி வையுங்கள், தலையில் வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் தெர்மோகோல் ஒரே ஒரு அடியை வாங்கத்தான் செய்யப்பட்டது. அந்த அடியை அது ஏற்கெனவே வாங்கிவிட்டதா என்பது மேல் ஓட்டைப் பார்த்தால் தெரியாது. ஹெல்மெட் மட்டும் புதிது.

வாங்கிய வாரமே கேபிள் எல்லாவற்றையும் மாற்றி ஓவராயில் பண்ணிவிடுங்கள். முதல் 50 கிலோமீட்டர் ஓட்டியதும் இடது கிராங்கின் போல்ட்டை ஒருமுறை இறுக்குங்கள். சதுர அச்சில் மாட்டும் கிராங்குகளில் முதலில் தளர்வது பெரும்பாலும் இடது பக்கம்தான். தளர்ந்ததைக் கவனிக்காமல் இன்னும் இருபது கிலோமீட்டர் மிதித்தால் கிராங்கின் சதுரத் துளை உருண்டையாகிவிடும். பிறகு எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது, கிராங்கையே மாற்ற வேண்டும்.