கனமான ஸ்பீக்கருக்கு ஸ்பைக் மாட்டுவது எப்படி: ஒரு லேத்காரரின் முறை

தரையில் நிற்கும் பெரிய ஸ்பீக்கர் வாங்கினால், கூடவே ஒரு சின்னப் பையில் ஸ்பைக்குகளும் (பெட்டியின் அடியில் திருகும் கூர்முனைக் கால்கள்) நட்டுகளும் வரும். பல வீடுகளில் அந்தப் பை பிரிக்கப்படாமலே அலமாரியில் கிடக்கிறது. மாட்டியிருக்கிற வீடுகளிலும் தொட்டுப் பார்த்தால், ஸ்பைக் சுழலாமல் பிடித்துவைக்க வேண்டிய செக் நட் லூசாகச் சுற்றுகிறது. நான் கோயம்புத்தூரில் லேத் பட்டறை வைத்திருப்பவன். திருகு மரையும் மட்டமும்தான் என் பிழைப்பு, ஸ்பைக் மாட்டுவதிலும் முக்கால்வாசி வேலை அவை இரண்டும்தான். அவை சரியாக இருந்தால் பெட்டியோடு வந்த சாதா ஸ்பைக்கே போதும். ஆயிரக்கணக்கில் கொடுத்து வேறு வாங்கத் தேவையில்லை.

குளிர் நாட்டு வீடுகளில் தரை முழுக்கக் கம்பளம் ஒட்டியிருப்பார்கள். 30 கிலோ பெட்டியை அதன் மேல் வைத்தால் மெத்தென்று ஆடும். கம்பளத்தைத் துளைத்து அடித்தரையைத் தொடுவதற்காக வந்ததுதான் இந்த ஊசிமுனை. நம் டைல்ஸ் தரைக்கு இது எதற்கு என்று கேட்பீர்கள். எந்த டைல்ஸ் தரையும் முழு மட்டமாக இருப்பதில்லை. ரப்பர் கால்களின் உயரத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது, அதனால் ஒரு மூலை எப்போதும் சற்றே தூக்கி நிற்கும். பாஸ் சத்தம் தரும் வூஃபர் முன்னால் தள்ளும் ஒவ்வொரு முறையும் பெட்டி பின்னால் தள்ளப்படும். நிலையில்லாத பெட்டி அசைந்துகொடுக்கும். ஸ்பைக்கை மரையில் ஏற்றி இறக்கி அந்த ஆட்டத்தை ஒழிக்கலாம்.

ஸ்பைக் வைத்தால் அதிர்வு தரைக்கு இறங்காது என்று கடையில் சொல்வார்கள், நம்பாதீர்கள். ஸ்பைக் பெட்டியைத் தரையோடு கெட்டியாகப் பிடித்துவைக்கும். கீழ்வீட்டுக்காரர் பாஸ் இடிக்கிறது என்று புகார் சொன்னால் உங்களுக்கு வேண்டியது ரப்பர் பேட். அது வேறு வேலை.

முதலில் ஸ்பீக்கரின் இடத்தை முடிவுசெய்யுங்கள். ஸ்பைக் மாட்டியபின் நகர்த்துவது பாடு. ரப்பர் காலோடே வைத்து, சுவரிலிருந்து முன்னே பின்னே தள்ளி, உட்காரும் இடத்தை நோக்கி எவ்வளவு திருப்புவது என்று சில நாள் கேட்டுப் பாருங்கள். மனதுக்குப் பிடித்ததும் நான்கு மூலைக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். கால் வரப்போகும் டைல்ஸை விரல் மடக்கித் தட்டிப் பார்ப்பதும் முக்கியம். கலவை முழுதாகப் பிடித்த டைல்ஸ் கெட்டியாகச் சத்தம் கொடுக்கும். அடியில் காலியாக இருந்தால் வெற்றுப் பெட்டியைத் தட்டியது போலக் கேட்கும். அந்த இடத்தில் காலை வைக்காதீர்கள், டைல்ஸ் விரிசல் விடும். ஐந்து அங்குலம் நகர்த்தினால் இசை கெட்டுப்போகாது.

அடுத்தது மரை. அதிகம் வருவது எம் 8 (8 மி.மீ. விட்டம்), அதற்கடுத்து எம் 6 (6 மி.மீ.). ஸ்கேலை வைத்துப் பத்து மரை அளந்தால் எம் 8 என்றால் 12.5 மி.மீ., எம் 6 என்றால் 10 மி.மீ. இருக்கும். அமெரிக்க ஸ்பீக்கர்கள் சிலவற்றில் கால் இன்ச் மரை. அதன் விட்டம் 6.35 மி.மீ. என்பதால் எம் 6 போலவே கண்ணுக்குத் தெரியும். ஆனால் அதன் துளையில் எம் 6 தொளதொளவென்று நிற்கும், கால் இன்ச் ஸ்பைக்கை எம் 6 துளையில் போட்டால் ஒரு சுற்றிலேயே இறுகிக்கொள்ளும். விரலால் மட்டும் சுற்றி ஐந்தாறு சுற்று உள்ளே போக வேண்டும். இடையில் பிடித்தால் ஸ்பேனரைத் தொடாதீர்கள், கழற்றி நேராகப் பிடித்து மறுபடி தொடங்குங்கள். பெட்டியின் உடம்பு எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகை, அதில் பதித்த பித்தளை இன்சர்ட்டை (உள்மரை வெட்டிய குழலை) கோணல் மரையில் வலுக்கட்டாயமாகத் திருகினால் பலகையோடு பிய்ந்து வரும்.

படுக்கவைக்க இரண்டு பேர் வேண்டும். ஆம்ப்ளிஃபயரை அணைத்து, கேபிளைக் கழற்றி, தடித்த போர்வையை விரித்துப் பெட்டியைப் பக்கவாட்டில் சாயுங்கள். முகம் கீழாகவோ, கேபிள் மாட்டும் முதுகுப் பக்கம் கீழாகவோ போகக் கூடாது. தூக்கும்போது கை வூஃபரின் கோனிலும், கீச்சுச் சத்தம் தரும் சின்ன ட்வீட்டரிலும் படவே கூடாது. ஸ்பைக்கில் செக் நட்டை முதலில் முனைப் பக்கம்வரை ஓட்டிவிட்டுப் பிறகு பெட்டியில் ஏற்றுங்கள். எம் 8 என்றால் குறைந்தது 10 மி.மீ. மரை உள்ளே இருக்கட்டும். நான்கும் ஒரே அளவு வெளியே நிற்கும்படி ஸ்கேலால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் தரையில் ஸ்பைக்குக்கு அடியில் தட்டு இல்லாமல் நிறுத்தவே கூடாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். என் வீட்டு ஸ்பீக்கர் ஒவ்வொன்றும் 32 கிலோ. ஒரு காலுக்கு 8 கிலோ. முனை ஒரு சதுர மில்லிமீட்டர் என்றால் சதுர சென்டிமீட்டருக்கு 800 கிலோ அழுத்தம். கார் டயரில் இருக்கும் காற்றழுத்தமே சுமார் 2 கிலோதான். விட்ரிஃபைடு டைல்ஸில் மேல்பூச்சு தெறிக்கும். ஆத்தங்குடிக் கல், மொசைக், ரெட் ஆக்சைடு தரையில் குழியே விழும். சிலர் ஐந்து ரூபாய் நாணயம் வைக்கிறார்கள். நாணயம் வழவழப்பு, முனை வழுக்கி வெளியே ஓடிவிடும். தட்டின் நடுவில் குழி இருந்தாக வேண்டும்.

நான் 30 மி.மீ. பித்தளை ராடில் 8 மி.மீ. கனத்துக்கு வெட்டி, 10 மி.மீ. டிரில்லால் நடுவில் 2 மி.மீ. ஆழம் மட்டும் தொட்டு எடுத்தேன். டிரில் முனைக் கோணம் 118 டிகிரி, ஸ்பைக்கின் முனை அதைவிடக் கூர்மை. அதனால் முனை குழியின் அடியில் மட்டும் உட்காரும், ஓரத்தில் உரசாது. பக்கத்து லேத்தில் சொன்னால் செய்து கொடுத்துவிடுவார்கள். தட்டின் அடியில் மெல்லிய ஃபெல்ட் துணி போதும். தடியாக ஒட்டினால் மறுபடி மெத்தை மேல் வைத்த கதைதான்.

நிமிர்த்தும்போது இரண்டு ஸ்பைக் மேல் மொத்த பாரத்தையும் சாய்க்கக் கூடாது. தரையில் இழுக்கவும் கூடாது. ஒருவர் சாய்த்துத் தாங்க, இன்னொருவர் தட்டைச் செருக வேண்டும். எங்கள் வீட்டில் நான் தாங்கினேன், அக்கா மகன் படுத்துக்கொண்டு தட்டு வைத்தான். "மாமா, அவசரப்படாதீங்க, முனை குழிக்கு வெளிய நிக்குதுங்க" என்று அவன் சொன்ன பிறகே மெதுவாக இறக்கினேன். டார்ச் அடித்துப் பார்க்காமல் பாரத்தை விடாதீர்கள்.

இப்போது மட்டம். ரசமட்டத்தைப் பெட்டியின் தலையில் பக்கவாட்டிலும் முன்பின்னாகவும் வையுங்கள். எங்கள் ஹாலில் தரை பால்கனியை நோக்கிச் சரிவு, அதனால் அந்தப் பக்கத்து இரண்டு காலை உயர்த்த வேண்டியிருந்தது. எம் 8-ல் ஒரு முழுச் சுற்று 1.25 மி.மீ., கால் சுற்று 0.3 மி.மீ. மேலிருந்து பார்க்கும்போது கடிகாரச் சுற்றில் திருப்பினால் மூலை உயரும். குனிந்து அடியிலிருந்து பார்த்தால் இது தலைகீழாகி எல்லோரையும் குழப்பும், அதனால் பெட்டியில் டேப் ஒட்டி அம்புக்குறி போட்டுக்கொள்ளலாம். திருப்பும்போது அந்த மூலையை உதவியாளர் இலேசாகத் தூக்கிப் பாரத்தை எடுத்துவிட வேண்டும்.

மூன்று காலில் மட்டத்தைப் பிடித்துவிட்டு நான்காவதைக் கடைசியாக இறக்குங்கள். எந்தக் காலில் பாரம் இல்லை என்று கண்டுபிடிக்க விரல் போதும்: ஒவ்வொரு தட்டையும் பக்கவாட்டில் சுழற்றிப் பாருங்கள். பாரம் தாங்கும் தட்டு அசையாது, சும்மா இருக்கும் தட்டு விரலுக்குச் சுழன்று கொடுக்கும். நான்கும் ஒரே மாதிரி இறுக்கம் காட்டும்வரை கால் கால் சுற்றாகப் போங்கள். பிறகு தலைமூலைகளை எதிரெதிராக அழுத்திப் பாருங்கள், துளியும் ஆடக் கூடாது.

பின்னர் செக் நட்டைப் பெட்டியின் அடிவரை ஏற்றி இறுக்குங்கள். எம் 8 நட்டுக்கு 13 ஸ்பேனர், எம் 6-க்கு 10. ஒரு கையால் ஸ்பைக் சுற்றாமல் பிடிக்க வேண்டும். ஸ்பைக்கில் குறுக்குத் துளை இருந்தால் ஆணியைச் செருகிப் பிடிக்கலாம். மணிக்கட்டு பலம் போதும், தொங்கி இறுக்க வேண்டாம். இறுக்கும்போது மட்டம் லேசாக மாறும் என்பதால் தட்டுகளை மறுபடி சுழற்றிப் பாருங்கள்.

இன்சர்ட் இல்லாத பெட்டியில் நேராகத் துளை போடாதீர்கள். உள்ளே காற்று கசிந்தால் பாஸ் போய்விடும். பெட்டியைவிட அகலமான 25 மி.மீ. பிளைவுட் பீடம் செய்து, அதில் டீ-நட் (பலகையில் பதிக்கும் மரை நட்) பதித்து, ஸ்பைக்கை அங்கே மாட்டுங்கள். ஒல்லியான உயரப் பெட்டிக்கு அந்த அகலம் கூடுதல் பாதுகாப்பு. ஓடியாடும் பிள்ளைகள் உள்ள வீட்டில் இதைக் கட்டாயம் செய்யச் சொல்வேன்.

வீடு துடைக்க வருபவரிடம் ஸ்பீக்கரைத் தள்ளிவிட்டுத் துடைக்க வேண்டாம், சுற்றித் துடைத்தால் போதும் என்று சொல்லிவையுங்கள். ஈரம் தட்டடியில் தேங்கினால் ஃபெல்ட் ஊறி, இரும்பு ஸ்பைக் துருப்பிடிக்கும். ஒரு மாதம் கழித்து நட்டுகளை ஒருமுறை பாருங்கள். புதுப் பலகையில் இன்சர்ட் சற்று அமர்ந்திருக்கும், கால் சுற்று பிடிக்கும்.