ஐந்தாவது பெயர்: கல்லூரி மகளிர் கோல்ஃப் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற ஆண்டுப் போட்டி ஒன்றில், பயிற்சிச் சுற்று முடிந்து மாணவிகள் பந்தைக் குழிக்குள் உருட்டிப் பழகும் பட்டிங் கிரீனில் நின்றுகொண்டிருந்தபோது, அந்தப் பருவத்தில்தான் தலைமைப் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றிருந்த ஓர் இளம்பெண் என் அருகில் அமர்ந்து, அடுத்த போட்டிக்குரிய ஐந்து பெயர்களைக் கைபேசியில் தட்டி அணியின் குழுவுக்கு அனுப்பிவிட்டு, "ஒரு வேலை முடிந்தது" என்று பெருமூச்சு விட்டார். பட்டியலில் இல்லாத நான்கு பெண்கள் ஆயிரம் மைலுக்கு அப்பால் விடுதி அறைகளில் அதைப் படித்துக்கொண்டிருந்திருப்பார்கள். என் முதல் மூன்றாண்டுகளில் நான் செய்ததும் இதேதான் என்பதால், அவரிடம் அன்று சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

அமெரிக்கக் கல்லூரி மகளிர் கோல்ஃபை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். முதல் டீக்கு, அதாவது ஆட்டம் தொடங்கும் இடத்துக்கு, தாமதமாக வருவது, பையில் 15 மட்டைகளோடு களமிறங்குவது போன்றவற்றைத் தொடப்போவதில்லை. அவற்றுக்கு விதிப்புத்தகமே தண்டனை வைத்திருக்கிறது. தண்டனை இல்லாத தவறுகள்தாம் பயிற்சியாளரின் வாழ்க்கையைக் கெடுக்கின்றன.

உதவித்தொகையைப் பேச்சில் வழங்குவது

கல்லூரி விளையாட்டின் உச்சத் தரமான முதல் பிரிவில், மகளிர் கோல்ஃப் அணிக்கு நெடுங்காலம் 6 முழு உதவித்தொகைகளே உச்சவரம்பாக இருந்தன. அந்த ஆறையும் எட்டு, ஒன்பது பேருக்குப் பின்னங்களாகப் பிரித்துக் கொடுப்போம். கல்லூரிகளே விளையாட்டு மாணவர்களுக்குப் பணம் தர வழிசெய்து 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டில் சேர்ந்துகொண்ட கல்லூரிகளுக்கு அந்த வரம்பு நீங்கி, அணியில் 9 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்ற வேறொரு வரம்பு வந்திருக்கிறது. விதி மாறினாலும் தவறு மாறவில்லை. பத்தாம் வகுப்பு முடித்த மாணவியை ஜூன் 15 முதல் தொடர்புகொள்ளலாம் என்பதால், அன்று காலையே அழைத்து, உற்சாகத்தில் "உனக்கு எங்களிடம் இடம் உண்டு" என்று புதியவர்கள் சொல்லிவிடுகிறார்கள். இடம் என்று நாம் சொல்வது அணியில் ஓர் இருக்கை. மறுமுனையில் ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருக்கும் தந்தையின் காதில் விழுவதோ நான்காண்டுக் கட்டணம். தொகையைப் பற்றிக் கேட்டால் "பார்த்துக்கொள்ளலாம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். விளையாட்டுத் துறை ஒப்புக்கொண்ட எண் கையில் இல்லையென்றால், கையில் இல்லை என்றே சொல்லுங்கள்.

முதலாண்டு மாணவியின் ஸ்விங்கில், மட்டையை வீசும் முறையில், கைவைப்பது

முதலில் அவளுடைய ஊர்ப் பயிற்சியாளரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசுங்கள்.

ஐந்தாவது பெயரை மனத்துக்குள் முடிவு செய்வது

என்னை இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். இதை நிதானமாகவே சொல்ல வேண்டும். கல்லூரிப் போட்டியில் ஓர் அணியிலிருந்து ஐவர் ஆடுவார்கள். ஒவ்வொரு சுற்றிலும் அவர்களுள் குறைந்த அடிகள் எடுத்த நால்வரின் ஸ்கோர் மட்டும் கூட்டப்படும். ஐந்தாவது ஸ்கோர் கழிந்துவிடும். அந்த ஐவரைத் தேர்ந்தெடுக்க உள்ளூர் மைதானத்தில் தகுதிச் சுற்றுகள் நடத்துவது வழக்கம். முதல் மூன்று பெயர்களைப் பற்றிப் பெரும்பாலும் வாக்குவாதம் எழுவதில்லை. சண்டையெல்லாம் ஐந்தாவது பெயருக்குத்தான்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. மற்ற நால்வரும் மூன்று நாளும் முறையே 72, 73, 74, 76 என்று ஆடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாமவராக, நாள் தவறாமல் 75 எடுக்கும் ஒருத்தியை அழைத்துச் சென்றால் அணியின் மூன்று நாள் மொத்தம் 882. அவளுக்குப் பதிலாக 70, 82, 73 என்று ஏறி இறங்கும் ஒருத்தியை அழைத்துச் சென்றால், அவளுடைய சராசரியும் அதே 75தான் என்றாலும், 82 கழிந்துவிடுவதால் அணியின் மொத்தம் 876. சராசரியில் வேறுபாடே இல்லாத இருவருக்கு இடையில் அணிக்கு ஆறு அடி இலாபம். 2015 முதல் தேசியப் போட்டியின் இறுதிக் கட்டத்தில் எட்டு அணிகள் நேருக்கு நேர் மோதுகின்றன. அங்கே ஐந்து ஆட்டங்களில் மூன்றை வென்றாக வேண்டும், கழிப்பதற்கு ஸ்கோர் என்று எதுவும் இல்லை என்பதால் இந்தக் கணக்கு அங்கே செல்லாது. சாதாரணப் பருவப் போட்டிகளில் செல்லும்.

என் மூன்றாம் ஆண்டில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பெரிய மேதையைப் போல உணர்ந்தேன். மூன்று தகுதிச் சுற்றுகளின் மொத்த அடிகளே முடிவு செய்யும் என்று திங்கட்கிழமை அறிவித்திருந்தேன். வியாழன் மாலை, நிதானமாக ஆடும் மாணவி, ஏறி இறங்கி ஆடும் இன்னொருத்தியைவிட ஒரே ஓர் அடி முன்னிலையில் ஐந்தாம் இடத்தில் முடித்திருந்தாள். நான் பட்டியலில் மற்றவளின் பெயரை எழுதி, "பயிற்சியாளரின் தேர்வு" என்று அடைப்புக்குறிக்குள் போட்டு, பையறைக் கதவில் ஒட்டிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு, விடுபட்டவள் என் அலுவலக வாசலில் நின்றிருந்தாள். அழவில்லை, கோபமும் படவில்லை. மூன்று ஸ்கோர் கார்டுகளையும் கொண்டுவந்து மேசையில் வரிசையாக வைத்து, "இந்த 54 குழிகளில் எந்தக் குழியில் நான் வேறு மாதிரி ஆடியிருக்க வேண்டும் என்று சொல்லுங்கள், கோச்" என்றாள். அப்படி ஒரு குழி இருந்தால்தானே சொல்வதற்கு? நான் கேட்டதை அவள் செய்திருந்தாள். கேட்டது என்ன என்பதை நான்தான் பிற்பாடு மாற்றியிருந்தேன். கழிக்கப்படும் ஸ்கோரின் கணக்கை அப்போது அவளிடம் விளக்கத் தொடங்கினேன். தண்டனை கொடுத்த பிறகு சட்டத்தைப் படித்துக் காட்டுவது போல இருந்தது.

அந்தப் போட்டியில் எங்கள் அணி நன்றாகவே ஆடியது. என் கணக்கும் பலித்தது. அதனால்தான் தவறு புரிய எனக்கு ஓராண்டு ஆயிற்று. அதன்பின் தகுதிச் சுற்றுகளில் எல்லோரும் விசித்திரமாக ஆடத் தொடங்கினார்கள். கோச்சுக்கு என்ன பிடிக்கும் என்று ஊகித்து, ஒருத்தி ஆபத்தைப் பாராமல், குழிகளில் நட்ட எல்லாக் கொடிகளையும் நேரே குறிவைத்தாள். இன்னொருத்தி ஆறடித் தூரத்திலிருந்து பந்தைக் குழிக்குள் உருட்டுவதற்கும் என் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். வசந்தப் பருவம் முடிந்ததும், நிதானமாக ஆடிய அந்த மாணவி வேறு கல்லூரிக்கு மாறிப் போனாள். நாள் தவறாமல் 75 எடுக்கும் ஒருத்தி இல்லாத அணி என்ன பாடுபடும் என்பதை அடுத்த ஆண்டு காற்று வீசிய மைதானங்களில் கண்டுகொண்டேன்.

இப்போது ஆகஸ்டு மாத முதல் கூட்டத்திலேயே ஒரு தாள் கொடுத்துவிடுகிறேன். மூன்று இடங்கள் தகுதிச் சுற்றின் மொத்தத்துக்கு, இரண்டு என் தேர்வுக்கு. என் தேர்வில் எதைப் பார்ப்பேன் என்பது, மேலே சொன்ன கணக்கு உட்பட, அதில் எழுதியிருக்கும். பட்டியலை ஒட்டுவதற்கு முன், போகாதவர்கள் ஒவ்வொருவரையும் நேரில் பார்த்துச் சொல்கிறேன். இது சுகமான மாலை அல்ல. சில மாணவிகள் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போவார்கள், போகட்டும். "பயிற்சியாளரின் தேர்வு என்றால் காரணம் சொல்ல வேண்டியதில்லை" என்று மாநாடுகளில் பேசும் மூத்தவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றும் பொறுக்கவில்லை.

அணியின் நட்சத்திரத்தின் பின்னாலேயே நடப்பது

கல்லூரிப் போட்டிகளில் பயிற்சியாளர் ஆட்டத்தின் நடுவே ஆலோசனை சொல்லலாம். புதியவர்கள் 68 எடுக்கப்போகிறவளைத் தொடர்ந்து போய் அழகான ஆட்டத்தை இரசிக்கிறார்கள். அவளுக்கு உங்களால் ஆகப்போவது எதுவுமில்லை. தண்ணீரைத் தாண்டி அடிக்க வேண்டிய, மூன்று அடிகளில் முடிக்க வேண்டிய (பார் 3) குழி ஒன்றில் போய் நின்றுகொண்டால், ஐவரும் உங்களைக் கடந்தே போக வேண்டும். காற்று எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, முன்னால் போனவளின் பந்து எங்கே விழுந்தது என்பதைச் சொல்ல அங்கே பத்து விநாடி கிடைக்கும். கேட்டால் மட்டும் சொல்லுங்கள். ஒரே நாளில் 36 குழிகள் ஆடும் முதல் நாளில், இரண்டாம் சுற்றின் பதினைந்தாம் குழியருகே தண்ணீரும் வாழைப்பழமும் வைத்துக்கொண்டு நிற்பது எந்த ஆலோசனையையும் விட மேல்.

"விருப்பப் பயிற்சி"

நீங்கள் வருகையைக் குறித்துக்கொண்டால் அது விருப்பப் பயிற்சி அல்ல. வாரத்துக்கு 20 மணி நேரம்தான் என்ற பயிற்சி வரம்பின் கணக்கில் சேர்ந்துவிடும்.

எல்லாவற்றையும் மண்டலப் போட்டியில் பார்த்துக்கொள்ளலாம் என்றிருப்பது

செப்டம்பர், அக்டோபர் போட்டிகளை ஒத்திகையாக நினைப்பவர்களிடம் தேசியப் போட்டிக்கு அணிகளைத் தேர்ந்தெடுக்கும் மண்டலப் போட்டிகளுள், 2021 மே மாதம் லூசியானாவின் பேட்டன் ரூஜில் நடக்கவிருந்ததைத்தான் நினைவூட்டுவேன். 18 அணிகள் வந்திருந்தன. மழை விடவில்லை. மைதானம் அந்தத் தரத்திலான போட்டிக்குத் தகுந்த நிலையில் இல்லை என்று அதிகாரிகள் முடிவு செய்ய, போட்டிச் சுற்றில் ஒரு பந்தும் அடிக்கப்படாமலேயே, பருவம் முழுவதும் ஆடியதை வைத்துப் போட்ட தரவரிசைப்படி முதல் ஆறு இடங்களில் இருந்த அணிகள் தேசியப் போட்டிக்குப் போயின. மீதிப் பன்னிரண்டும் வீடு திரும்பின. அந்த முடிவு நியாயமா என்ற விவாதம் வேறு. என் கருத்தில் இல்லை. ஆனால் ஏழாம் இடத்துக்கும் ஆறாம் இடத்துக்கும் உள்ள வேறுபாடு, யாரும் நினைவில் வைத்திராத ஏதோ ஒரு போட்டியின் கடைசிச் சுற்றில், சோர்ந்துபோய் விட்டுவிட்ட சில அடிகளாக இருந்திருக்கலாம்.

மூன்றாண்டுக்குள் கோப்பை வேண்டும் என்று வேலை மாறுவது

டியூக் பல்கலைக்கழகத்தின் மகளிர் கோல்ஃப் பயிற்சியாளராக டான் புரூக்ஸ் 1984இல் பொறுப்பேற்றார். அவர் அணி வென்ற ஏழு தேசியப் பட்டங்களுள் முதலாவது 1999இல் வந்தது.

ஸ்கோர் கார்டு

உண்மையில் எடுத்ததைவிடக் குறைவாக ஒரு குழியின் எண்ணை எழுதிக் கையெழுத்திட்டால் தகுதி நீக்கம். கையெழுத்துக்கு முன், குழி குழியாக, வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.