வீட்டில் கழுவிய கறுப்பு-வெள்ளை ஃபிலிம் சரியாக வரவில்லையா? முதலில் ஓரத்தைப் பாருங்கள்

கழுவும் டேங்கைத் திறந்தால் ஃபிலிம் வெறுமையாக இருக்கிறது, அல்லது பால் பூத்தாற்போல் மங்கிக் கிடக்கிறது. பெரும்பாலோர் உடனே டெவலப்பர் (படத்தை வெளிக்கொண்டுவரும் ரசாயனம்) மீது பழி போடுவார்கள். பாதி நேரம் அதன் மேல் தப்பே இருக்காது. ஃபிலிமைத் தூக்கி எறியாமல் இந்த வரிசையில் பாருங்கள்.

1. ஓர எழுத்துகள்

துளைகளை ஒட்டி ஃபிலிமின் பெயரும் பிரேம் எண்களும் தெரியும். இவை தொழிற்சாலையிலேயே ஒளியால் பதிக்கப்பட்டவை. கேமராவுக்கு இதில் பங்கில்லை. கழுவும்போதுதான் வெளியே வரும். அதனால் ரசாயனம் வேலை செய்ததா என்பதற்கு இவையே சாட்சி.

எழுத்து நல்ல கறுப்பாக இருந்து படங்கள் மட்டும் இல்லையென்றால் டெவலப்பர் சரி. ஃபிலிம் கேமராவில் நகரவில்லை, அல்லது ஷட்டர் திறக்கவில்லை. எழுத்தும் இல்லாமல் முழுதும் தெளிவாக இருந்தால் டெவலப்பர் செத்திருக்கிறது, இல்லையேல் ஃபிக்ஸரை (மிச்ச வெள்ளி உப்பைக் கரைத்துப் படத்தை நிலைநிறுத்தும் ரசாயனம்) முதலில் ஊற்றிவிட்டீர்கள். இரண்டிலும் படம் போனது போனதுதான். ஓரம் உட்பட எல்லாமே கறுப்பா? வெளிச்சம் பட்டிருக்கிறது. பேட்டர்சன் நிறுவன வகை டேங்கில் நடுக்குழாயைப் போட மறந்தால் மூடி இறுக்கமாக இருந்தும் ஒளி உள்ளே போகும்.

டெவலப்பர் உயிரோடு இருக்கிறதா என்று அறிய, வெளிச்சத்திலேயே ஃபிலிமின் முன்நுனித் துண்டு ஒன்றை அதில் போடுங்கள். சில நிமிடங்களில் கறுக்க வேண்டும். நிறத்தை நம்பாதீர்கள்: ரோடினால் என்ற டெவலப்பர் பழுப்பானாலும் வேலை செய்யும், எக்ஸ்டால் என்பது நிறமே மாறாமல் செத்துப்போகும்.

2. பால் போன்ற மங்கல்

இதற்குக் காரணம் ஃபிக்ஸர் பற்றாமை. கரையாத வெள்ளி உப்பு ஃபிலிமில் தங்கிவிட்டது. புதிய ஃபிக்ஸரில் மறுபடி போடுங்கள், பெரும்பாலும் தெளிந்துவிடும்.

அடுத்த முறைக்கு: முன்நுனித் துண்டை ஃபிக்ஸரில் போட்டு, அது தெளிய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். அதைப்போல் இரண்டு மடங்கு நேரம் ஃபிக்ஸ் செய்யுங்கள். டி-மேக்ஸ், டெல்டா ஃபிலிம் வகைகளுக்கு மூன்று மடங்கு. புதிய கரைசலில் ஆனதைவிட இரண்டு மடங்கு நேரம் எடுத்தால் அந்த ஃபிக்ஸரின் ஆயுள் முடிந்தது.

முழுக்க மெல்லிய இளஞ்சிவப்புச் சாயல் மட்டும் இருந்தால் கவலை வேண்டாம், அது ஃபிலிமின் சாயம். இன்னும் கொஞ்சம் அலசினால் குறையும்.

3. நெகட்டிவ் வெளிறியிருக்கிறது

இங்கேதான் புதியவர்கள் அதிகம் குழம்புவார்கள். படத்தின் நிழல் பகுதிகளைப் பாருங்கள். அங்கே விவரமே இல்லாமல் வெறுமையாக இருந்து, ஓர எழுத்து அழுத்தமாக இருந்தால், படமெடுக்கும்போது ஒளி போதவில்லை. நிழலில் விவரம் ஓரளவு இருந்தும் படம் மொத்தமாகச் சப்பென்று, ஓர எழுத்தும் வெளிறியிருந்தால், டெவலப் போதவில்லை.

போதாமைக்குப் பெரும்பாலும் கலவைதான் காரணம். எச்பி5 பிளஸ் ஃபிலிமை ஐடி-11 டெவலப்பரின் ஸ்டாக்கில் (நீர் சேர்த்து மேலும் நீர்க்காத கரைசலில்) 20 டிகிரி செல்சியஸில் கழுவ 7½ நிமிடம். அதையே 1+1 ஆக (ஒரு பங்குக்கு ஒரு பங்கு நீர்) கலந்தால் 13 நிமிடம். கலவையை மாற்றிவிட்டு நேரத்தை மாற்றாதவர்களுக்கு வெளிறல் நிச்சயம். இன்னொரு காரணம் வெப்பநிலை. 20-க்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் நேரத்தைச் சுமார் 10% குறையுங்கள், இறங்கினால் கூட்டுங்கள். ஆனால் 5 நிமிடத்துக்குக் கீழே போக வேண்டாம்; ஊற்றி வடிக்கும் நேர வித்தியாசமே படத்தில் சீரற்ற அடர்த்தியாகத் தெரியும்.

4. புள்ளி, பட்டை, பிறை

சிறு வட்டத் தெளிவுப் புள்ளிகள் காற்றுக் குமிழி ஒட்டிய இடங்கள். டெவலப்பர் ஊற்றியதும் டேங்கை மேசையில் இரண்டு மூன்று முறை தட்டுங்கள். ஒரு நீளவாட்டு ஓரம் மட்டும் வெளிறியிருந்தால் கரைசல் ரீலை (ஃபிலிமைச் சுற்றி ஏற்றும் சுருளை) மூடவில்லை: பேட்டர்சன் டேங்கில் ஒரு 35 மி.மீ. ரோலுக்கு 290 மி.லி., 120 என்ற அகல ஃபிலிம் ரோலுக்கு 500 மி.லி. வேண்டும். துளைகளிலிருந்து படத்துக்குள் கறுத்த கீற்றுகள் இறங்கினால் டேங்கை முரட்டுத்தனமாக ஆட்டியிருக்கிறீர்கள். நிமிடத்துக்கு நான்கு முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தினால் போதும்.

பிறைவடிவக் கீறல் ரீலில் ஏற்றும்போது ஃபிலிம் மடங்கியதன் அடையாளம். திட்டுத்திட்டாகப் படமே இல்லாத இடங்கள், சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியவை. இரண்டுக்கும் வேர் பெரும்பாலும் ஈரமான பிளாஸ்டிக் ரீல்தான். துளி ஈரமும் இல்லாமல் காயவைத்து, பழைய ஃபிலிம் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றிப் பழகுங்கள்.

5. உலர்ந்தபின் கறை

வெண்திட்டுகள் நீரிலுள்ள உப்பு. மறுபடி ஊறவைத்து, கடைசி அலசலுக்கு காய்ச்சி வடித்த நீரில் ஃபோட்டோ-ஃப்ளோ என்ற ஈரமாக்கியை 1:200 அளவில் கலந்து அரை நிமிடம் வையுங்கள். நுரை வருமளவுக்கு ஊற்றினால் அதுவே புதுக் கறையாகும். ஈர ஃபிலிமை விரலால் வழிக்காதீர்கள். எமல்ஷன் (படம் பதிந்திருக்கும் பூச்சு) அப்போது மிக மென்மை, ஒரு மணல் துகள் போதும் ரோல் முழுக்கக் கோடு விழ.