மூளை வயது சொல்லும் நினைவாற்றல் விளையாட்டுகள்: முதல்முறை விளையாடுபவர்களுக்கு

போன மாதம் ஒரு தளத்தில் விளையாடி முடித்ததும் "உங்கள் மூளையின் வயது 67" என்று வந்தது. எனக்கு 41. அன்றிரவு சரியாகத் தூக்கம் வரவில்லை. இரண்டு வாரம் தினமும் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் எங்கே தவறினேன் என்று புரிந்தது.

முதலில், எதில் விளையாடுவது? என் தேர்வு ஹியூமன் பெஞ்ச்மார்க் என்ற இணையதளம். காசு இல்லை, கணக்குத் தொடங்காமலே விளையாடலாம். அது வயதைச் சொல்லாது, மற்றவர்களோடு ஒப்பிட்டு நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று மட்டும் காட்டும். அதனாலேயே அதை நம்புகிறேன். மூளை வயது என்பது ஒவ்வொரு விளையாட்டும் தானே வகுத்துக்கொண்ட கணக்கு. இந்தப் பேச்சைப் பரப்பியது 2005-ல் நிண்டெண்டோ டிஎஸ் என்ற கையடக்க விளையாட்டுக் கருவிக்கு வந்த விளையாட்டு. அதில் மிகச் சிறந்த வயது 20. பத்து வயதுப் பிள்ளை எவ்வளவு நன்றாக விளையாடினாலும் 20-க்குக் கீழே இறங்காது.

படி 1. கணினி, கம்பி வைத்த மவுஸ். வேகம் அளக்கும் விளையாட்டுகளுக்கு இது முக்கியம். 60 ஹெர்ட்ஸ் திரை 16.7 மில்லி விநாடிக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கும், தொடுதிரையும் ப்ளூடூத்தும் தம் பங்குக்குத் தாமதம் சேர்க்கும். நேற்று போனில், இன்று கணினியில் என்று மாற்றி விளையாடினால் இரண்டு மதிப்பெண்ணையும் ஒப்பிட முடியாது.

படி 2. சிம்ப் டெஸ்ட், அதாவது சிம்பன்சித் தேர்வு. நான் வழுக்கி விழுந்தது இங்கேதான். திரையில் எண்கள் சிதறிக் கிடக்கும். 1-ஐத் தொட்டதும் மற்ற எண்கள் மறைந்து வெறும் கட்டங்களாகிவிடும். பிறகு 2, 3, 4 என்று வரிசையாகத் தொட வேண்டும். எண்கள் வந்ததுமே அவசரமாக 1-ஐத் தொட்டுவிடுவேன், அடுத்த விநாடி எல்லாம் காலி. ஆனால் 1-ஐத் தொடும்வரை எண்கள் மறையாது! அவசரமே வேண்டாம். 1-லிருந்து கடைசி எண் வரை கண்ணாலேயே ஒரு கோடு இழுங்கள்: மேலே, வலது ஓரம், நடு, கீழ் மூலை. அந்தக் கோட்டை இரண்டு தடவை மனத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டுத் தொடுங்கள். ஆறிலேயே நின்றுகொண்டிருந்த நான் இப்படித்தான் ஒன்பதைத் தாண்டினேன்.

எண்கள் கணநேரம் மின்னி மறையும் வகையும் உண்டு. எனக்கு 67 கொடுத்தது அதுதான். அதில் இந்த நிதானத்துக்கு இடமில்லை. கியோட்டோ பல்கலைக்கழகத்தின் அயுமு என்ற சிம்பன்சி, எண்கள் 210 மில்லி விநாடியே தெரிந்தும் இடங்களைச் சரியாகத் தொட்டதை 2007-ல் வெளியிட்டார்கள். அதில் தோற்றதற்காகக் கலங்க வேண்டியதில்லை.

படி 3. எண் நினைவு. 831947 என்று வந்தால் ஆறு இலக்கமாகப் படிக்காதீர்கள். எண்பத்து மூன்று, பத்தொன்பது, நாற்பத்தேழு என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஆறு மூன்றாகிவிடும். உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956-லேயே இப்படிக் கூறுகளாகச் சேர்த்துக்கொள்வதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்.

படி 4. முதல் மூன்று நாள் மதிப்பெண்ணை ஒதுக்கிவிடுங்கள். அதில் ஒரு பகுதி, விதி பழகுவதால் வருகிற ஏற்றம். நான்காம் நாளிலிருந்து, அதே நேரத்தில் விளையாடி ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

பின்சேர்க்கை 1: சொல் நினைவு விளையாட்டில் மட்டும் மதிப்பெண் ஏறவில்லை என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். வருகிற சொற்கள் ஆங்கிலம், அதுவும் புழக்கத்தில் இல்லாதவை நிறைய. அர்த்தம் தெரியாத சொல் மனத்தில் ஒட்டாது. ஆங்கிலம் அதிகம் புழங்காதவர்கள் அதை விட்டுவிட்டு, மின்னி மறையும் கட்டங்களின் இடத்தை நினைவில் வைத்துத் தொடும் விளையாட்டை விளையாடுங்கள்.

பின்சேர்க்கை 2: இருபது நிமிடம் விளையாட வைத்துவிட்டு, முடிவைக் காட்ட மின்னஞ்சலும் அட்டை எண்ணும் கேட்கிற தளங்கள் இருக்கின்றன. அங்கேயே மூடிவிடுங்கள். பயிற்சி செய்தால் மறதி வராது என்ற விளம்பரத்தையும் நம்பாதீர்கள். அப்படிச் சொன்னதற்காக லுமோசிட்டி என்ற மூளைப் பயிற்சி விளையாட்டு நிறுவனத்தின் மீது, நுகர்வோர் பாதுகாப்பைக் கவனிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் வழக்குத் தொடுத்து, 2016-ல் அந்த நிறுவனம் 20 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

பின்சேர்க்கை 3: "அம்மாவுக்கு மூளை வயது 80 என்று வந்திருக்கிறது, டாக்டரிடம் போக வேண்டுமா?" என்று ஒருவர் கேட்டார். அந்த 80-ஐ வைத்து எதுவும் முடிவு செய்யாதீர்கள். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார், பழகிய வழி தவறுகிறது என்றால் விளையாட்டில் 20 வந்திருந்தாலும் அழைத்துப் போங்கள். நேரில் உட்கார்ந்து நினைவையும் சிந்தனையையும் சோதிக்க டாக்டர்களிடம் மோக்கா (MoCA) போன்ற தேர்வுகள் இருக்கின்றன.